இருட்டில் ஒரு குரல்: ஒதெல்லோ நாடகத்தில் வில்லன் வரும் விதம்



இம்மாத உரைக்கு ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' என்னும் துன்பியல் நாடகத்தை எடுத்துக்கொண்டேன். முழு நாடகத்தையும் அல்ல. அதில் வில்லன் எப்படி எங்களுக்கு அறிமுகமாகிறான் என்ற ஒரேயொரு விடயத்தை மட்டும். நான் இலக்கியம் படித்தவன் அல்லன்; வணிகவியல் பட்டதாரி. வாழ்க்கையில் பாதிக்கு மேல் மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவதிலேயே போய்விட்டது. ஆனால் இந்த நாடகத்தின் முதற் காட்சியிலே கணக்காளர்களுக்கென்றே ஒரு வசை இருக்கிறது. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்களில் பலருக்கு ஒதெல்லோ என்றவுடன் 1963 இல் வெளிவந்த 'இரத்தத் திலகம்' திரைப்படம்தான் நினைவுக்கு வரும். சிவாஜி கணேசன் ஒதெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் அதில் ஒரு கட்டத்தை நடித்திருந்தார்கள். சந்தேகம் முற்றிய கணவன் குற்றமற்ற மனைவியைக் கொல்லும் கட்டம். அந்தக் கட்டத்தில் வில்லனைக் காணமாட்டீர்கள். அவனுடைய வேலை அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. அது எங்கே தொடங்கியது என்று பார்ப்பதற்கு நாடகத்தின் முதல் வரிக்குப் போக வேண்டும்.

செலவுக் கணக்கில் ஒரு பதிவு

இந்த நாடகம் மேடையேறியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஒரு கணக்குப் புத்தகம் என்பதை முதலில் மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து அரசவையின் கேளிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த அலுவலகத்தின் கணக்கில், 1604 நவம்பர் 1 ஆம் திகதி வைற்ஹோல் அரண்மனை விருந்து மண்டபத்தில் வெனிஸ் நகரத்து மூரைப் பற்றிய நாடகம் ஒன்று நடிக்கப்பட்டதாகப் பதியப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் பெயரை அந்த எழுதுநர் 'ஷாக்ஸ்பேர்ட்' என்று எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பெயர்களை இந்நாட்டுக் கந்தோர்களில் எழுதும் விதத்தைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது புதினமாக இராது.

கதை ஷேக்ஸ்பியருடைய சொந்தக் கற்பனை அன்று. ஜிரால்டி சிந்தியோ என்ற இத்தாலியர் 1565 இல் வெளியிட்ட கதைத் தொகுதியிலிருந்து எடுத்தது. அந்தக் கதையில் டெஸ்டிமோனாவுக்கு மட்டுந்தான் பெயர் உண்டு. மற்றவர்கள் மூர், படைத்தலைவன், கொடிதாங்கி என்று பதவியாலும் இனத்தாலும் அழைக்கப்படுகிறார்கள். திருமணம் முடிந்து, கணவனும் மனைவியும் சைப்பிரஸ் தீவுக்குப் போன பிறகுதான் கொடிதாங்கி கதைக்குள் வருகிறான். வந்தவுடனேயே கதைசொல்லி எங்கள் காதில் சொல்லிவிடுகிறார்: பார்வைக்கு அழகானவன், உள்ளம் மகா கெட்டது என்று. அவனுக்கு டெஸ்டிமோனா மேல் ஆசை. அது நிறைவேறாததால் பகை. காரணம் ஒன்று, விளைவு ஒன்று. வரவும் செலவும் நேராக இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் இதில் இரண்டு மாற்றம் செய்தார். கொடிதாங்கிக்கு இயாகோ என்று பெயர் வைத்தார். அவனைக் கதையின் நடுவிலிருந்து எடுத்து, கதாநாயகனுக்கும் முன்னால், நாடகத்தின் வாசலிலே கொண்டுவந்து நிறுத்தினார்.

வில்லன் வரும் பழைய வழிகள்

எங்கள் நாட்டுக்கூத்தில் ஒரு பாத்திரம் எப்படி வரும் என்பது ஊரில் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டியகாரன் வந்து அறிவிப்பான். வரவுப் பாட்டு இருக்கும். ஆட்டமும் உடுப்பும் முடியுமாகச் சேர்ந்து வந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடும். சபையில் இருப்பவர்களுக்கு ஐயம் இராது.

பழைய ஆங்கில நாடகத்திலும் ஏறத்தாழ இப்படித்தான். சமய ஒழுக்க நாடகங்களில் 'தீமை' என்றே ஒரு பாத்திரம் வரும். அது சபையோரைப் பார்த்துப் பேசும், பகிடி விடும், தான் செய்யப் போகும் கெடுதியைச் சொல்லிச் சிரிக்கும். கிறிஸ்தோபர் மார்லோவின் 'மோல்ற்றா யூதன்' நாடகத்தில் பரபாஸ் தன் கணக்கறையில் பொற்குவியல்களுக்கு நடுவே இருந்தபடி அறிமுகமாகிறான். ஷேக்ஸ்பியரே முன்பு எழுதிய 'மூன்றாம் றிச்சர்ட்' நாடகத்தில் வில்லன் தனியாக வந்து, நான் கெட்டவனாக இருக்க முடிவு செய்துவிட்டேன் என்று அறிவித்துவிட்டே தொடங்குகிறான்.

இயாகோவுக்குக் கட்டியமும் இல்லை, தனிப் பேச்சும் இல்லை. திரை விலகும்போது, இரவு நேரத்தில் வெனிஸ் நகரத் தெருவொன்றில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வருகிறார்கள். கதை ஏற்கெனவே பாதியில் நிற்கிறது. எதைப் பற்றி என்று எங்களுக்குத் தெரியாது. அக்காலத்துக் குளோப் அரங்கம் கூரை திறந்த அரங்கம்; நாடகம் பிற்பகல் வெயிலில் நடக்கும். ஆகவே இருட்டைக் கண்ணால் காட்ட முடியாது. குரலாலும் தீப்பந்தத்தாலும் உணர்த்த வேண்டும். வானொலிக்காரர்களான எங்களுக்கு இது நன்றாக விளங்கும். இயாகோ ஒரு முகமாக வருவதற்கு முன் ஒரு குரலாகத்தான் வருகிறான்.

அவன் வாயிலிருந்து வரும் முதற் சொல்லுக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1622 இல் தனிநூலாக அச்சான பதிப்பில் அவன் கடவுளின் இரத்தத்தின் மேல் ஆணையிட்டுக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறான். 1623 இல் வந்த பெருந்தொகுப்பில் அந்தச் சொல் இல்லை. மேடையில் கடவுளின் பெயரை வீணாகச் சொல்பவருக்குப் பத்துப் பவுண் தண்டம் என்று 1606 இல் சட்டம் வந்திருந்ததே அதற்குக் காரணம்.

முதற் பேச்சே காசுப் பேச்சு

அந்த இரண்டு பேரில் மற்றவன் ரொடரிகோ. வசதியான வீட்டு இளைஞன். டெஸ்டிமோனாவை மணக்க விரும்பி, அவளுடைய தகப்பனால் மறுக்கப்பட்டவன். நாடகத்தின் முதற் பேச்சு அவனுடைய முறைப்பாடுதான். என்னுடைய பணப்பையை உன்னுடையது போல எடுத்துச் செலவழித்த நீ, இந்த விடயத்தை எனக்கு மறைத்துவிட்டாயே என்கிறான். இயாகோ என்ற பெயரை நாங்கள் முதன்முதலாகக் கேட்பது இந்த இடத்தில்தான். பெயரோடு சேர்ந்து ஒரு கணக்கும் வருகிறது: இவன் மற்றவனின் காசில் இருப்பவன். தனக்குக் காதல் முடித்துத் தருவான் என்று நம்பிய ஒருவனிடம் கறந்துகொண்டிருப்பவன். பின்னால் ரொடரிகோ தன் காணிகளையே விற்கப் போகிறான். டெஸ்டிமோனாவுக்கென்று அவன் கொடுத்த நகைகள் அவளிடம் போய்ச் சேரவே இல்லை. சீட்டுக் காசோடு ஆள் மாறிய கதைகள் எங்கள் சமூகத்திலும் உண்டு. ஆகவே ரொடரிகோவைப் பார்த்து நாங்கள் அதிகம் சிரிக்க முடியாது.

முறைப்பாட்டுக்கு இயாகோ என்ன பதில் சொல்கிறான்? கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. உடனே தன் மனக்குறையை எடுத்து விரிக்கிறான். தளபதியின் துணைவன் பதவிக்காகப் பட்டணத்துப் பெரியவர்கள் மூன்று பேர் தனக்காகப் பேசினார்கள். தளபதியோ வேறொருவனை ஏற்கெனவே தெரிந்துவிட்டார். தெரியப்பட்டவன் புளோரன்ஸ் நகரத்து மைக்கல் கஸ்ஸியோ. போர்க்களத்தில் ஒரு படையணியையும் நிறுத்தாதவன், வெறும் ஏட்டறிவுக்காரன், எண்கணிதக்காரன், வரவு செலவு எழுதுபவன், காய் வைத்துக் கணக்குப் பார்ப்பவன். இதுதான் நான் மேலே சொன்ன வசை.

வசை புளோரன்ஸ்காரனுக்கு ஏன் பொருந்துகிறது? 1300 ஆம் ஆண்டளவிலேயே புளோரன்ஸ் வணிகர்கள் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதினார்கள். அந்த முறையை விளக்கி லூக்கா பச்சோலி என்ற துறவி எழுதிய நூல் 1494 இல் வெனிஸ் நகரில் அச்சாகியது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் பீல் என்பவர் 1553 இல் இதே முறையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆகவே அக்கால இலண்டன் சபையோருக்கு இந்த நக்கல் விளங்கியிருக்கும். களத்தில் நின்றவனுக்குக் கிடைக்காத பதவி கந்தோர்க்காரனுக்குப் போய்விட்டது என்ற புகார் எந்தக் காலத்திலும் எடுபடும்.

இங்கேதான் ஷேக்ஸ்பியரின் கெட்டித்தனம். இயாகோவின் குறை முழுப் பொய்யாகக் கேட்பதில்லை. ரோட்ஸிலும் சைப்பிரஸிலும் வேறு பல நாடுகளிலும் போரிட்டவன். மூப்பு வரிசைப்படி பதவி வரவில்லை, வேண்டியவர்களுக்குப் போகிறது என்கிறான். வேலையிடத்தில் பதவி உயர்வு தவறிய எவருக்கும் அவன் மேல் ஒரு இரக்கம் வரும். நாங்களும் தலையாட்டத் தொடங்குகிறோம். வில்லன் எங்களுக்கு வில்லனாக அல்ல, அநியாயம் செய்யப்பட்டவனாகத்தான் முதலில் அறிமுகமாகிறான். அடுத்த மூச்சிலேயே, தளபதிக்குக் கீழ் வேலை செய்வது விசுவாசத்தால் அல்ல, சொந்தக் காரியத்துக்காக. வெளியே தெரிவது உண்மையான நான் அல்ல என்கிறான். அதைக் கேட்ட பிறகும் ரொடரிகோ அவனை நம்புகிறான். மற்றவனைத்தானே ஏமாற்றுகிறான், என்னை அல்லவே என்ற எண்ணம்.

பெயரில்லாத கதாநாயகன்

இந்தக் காட்சியை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு நேரமும் ஒதெல்லோவைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் ஒதெல்லோ என்ற பெயர் ஒரு தடவைகூடச் சொல்லப்படவில்லை. 'அவன்', 'அந்த மூர்', தடித்த உதட்டுக்காரன் என்றே பேச்சு நடக்கிறது. முதலாம் அங்கம் மூன்றாம் காட்சியில் வெனிஸ் அரசின் தலைவர்தான் அவனை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

'மூர்' என்ற சொல் எங்களுக்கும் அந்நியமானது அன்று. வட ஆபிரிக்காவிலும் ஸ்பெயினிலும் வாழ்ந்த முஸ்லிம்களை ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. அதே பெயரைத்தான் போர்த்துக்கேயர் இலங்கைச் சோனகருக்கும் வைத்தார்கள். குடிசன மதிப்பீட்டு ஆங்கில ஏடுகளில் அது நிலைத்துவிட்டது. இயாகோ என்பது யாக்கோபு என்ற பெயரின் ஸ்பானிய வடிவம். ஸ்பெயினின் காவலரான புனித யாகப்பருக்கு 'மூர்களைக் கொன்றவர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வில்லனுக்கு அந்தப் பெயர் வாய்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

மேலே சொன்ன கணக்கு நூலாசிரியர் ஜேம்ஸ் பீலின் மகன் ஜோர்ஜ் பீல் ஒரு நாடகாசிரியர். அவருடைய 'அல்கசார் போர்' 1594 இல் அச்சானது. அதில் கொடியவனே ஒரு மூர் அரசன். அதே ஆண்டில் அச்சான ஷேக்ஸ்பியரின் 'ரைற்றஸ் அன்ட்ரோனிக்கஸ்' நாடகத்திலும் ஆரன் என்ற மூர்தான் பெரும் கொடியவன். ஆகவே மூர் ஒருவனைப் பற்றிய துன்பியல் என்றவுடன், வில்லன் யார் என்பதைச் சபையோர் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வந்திருப்பார்கள். இயாகோவின் பேச்சு அந்த முடிவுக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

பிறகு இருவரும் டெஸ்டிமோனாவின் தகப்பன், மேலவை உறுப்பினர் பிரபான்சியோவின் வீட்டுக்குக் கீழே நின்று, கள்ளர் கள்ளர் என்று கத்தி அவரை எழுப்புகிறார்கள். அவர் யன்னலுக்கு வருகிறார். ரொடரிகோ தன் பெயரைச் சொல்லிவிடுகிறான். இயாகோ சொல்லவில்லை. உம்முடைய மகளை ஒரு மூர் கொண்டுபோய்விட்டான் என்ற செய்தியை, மிருகங்களை உவமை காட்டி, ஒரு தகப்பன் காதில் விழக்கூடாத சொற்களில் கீழே இருந்து சொல்கிறான். நீ யார் என்று அவர் கேட்கிறார். அதற்கும் பெயர் வரவில்லை. இன்னுமொரு ஆபாசந்தான் வருகிறது. அவர் இறங்கி வருவதற்குள் அவன் போய்விடுகிறான். தளபதிக்கு எதிராகச் சாட்சியாக நிற்பது தன் பதவிக்கு நல்லதல்ல என்று ரொடரிகோவிடம் காரணமும் சொல்லிவிட்டுப் போகிறான்.

இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: மொட்டைக் கடிதம். ஊரில் பெட்டிசம் எழுதுபவர்கள் உண்மையான பெயரைப் போட்டதில்லை. பின்னர் சுற்றிவளைப்பு நாட்களில் சாக்கால் முகத்தை மூடிய ஒருவர் முன்னால் வரிசையாக நடந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். தலையாட்டியின் தலை ஆடுமா ஆடாதா என்பதில் ஓர் உயிர் தங்கியிருந்தது. முகம் மறைத்த குற்றச்சாட்டின் பலம் என்ன என்று எங்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இலண்டனில் அன்றைய அகதிகள்

ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனும் இதை அறிந்திருந்தது. 1593 மே மாதத்தில், ஒல்லாந்து அகதிகள் வழிபட்ட தேவாலயத்தின் சுவரில், அந்நியர்களைக் கொல்லுவோம் என்று மிரட்டும் பாட்டு ஒன்று இரவோடிரவாக ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மார்லோவின் நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயர்தான் கீழே இருந்தது. எழுதியவரைத் தேடிய விசாரணையில் தோமஸ் கிட் என்ற நாடகாசிரியர் கைதாகி வதைக்கப்பட்டார். 1596 இலும் 1601 இலும் கறுப்பினத்தவரை நாட்டைவிட்டு அனுப்பும் ஆணைகள் அரசி எலிசபெத்தின் பெயரில் வரையப்பட்டன. பஞ்ச காலத்தில் சொந்தக் குடிமக்களுக்குரியதை இவர்கள் உண்கிறார்கள் என்பது 1601 ஆம் ஆண்டு ஆணை சொன்ன காரணங்களில் ஒன்று. நாங்கள் வந்திறங்கிய காலத்திலும் இதே காரணத்தைக் கேட்டோம்.

ஒதெல்லோ அரண்மனையில் நடிக்கப்பட்ட 1604 இல் ஷேக்ஸ்பியர் எங்கே குடியிருந்தார் என்பது நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. இலண்டன் சில்வர் வீதியில், பிரான்சிலிருந்து வந்த புரட்டஸ்தாந்து அகதிக் குடும்பமான மவுன்ற்ஜோய் வீட்டில் அறை எடுத்திருந்தார். அவர்கள் பெண்களுக்கான தலையலங்காரம் செய்து விற்றவர்கள். வீட்டுக்காரரின் மகளுக்கும், அங்கே தொழில் பழகிய இளைஞனுக்கும் திருமணம் பேசி முடிக்க ஷேக்ஸ்பியர் உதவினார். நாடகம் அரண்மனையில் நடந்து பதினெட்டாம் நாள், நவம்பர் 19 இல், அந்தத் திருமணம் நடந்தது. பேசிய சீதனம் வரவில்லை என்று மருமகன் 1612 இல் வழக்குப் போட்டார். ஷேக்ஸ்பியர் சாட்சிக்கு அழைக்கப்பட்டார். எவ்வளவு பேசினார்கள் என்பது ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்! கலியாணம் பேசிப் பார்த்தவர்களுக்கு இந்த ஞாபகமறதி நன்றாக விளங்கும்.

நேரில் வந்தபோது

இரண்டாம் காட்சியில்தான் ஒதெல்லோ வருகிறான். பக்கத்தில் நிற்பவன் இயாகோ! சற்று முன் யன்னலுக்குக் கீழே கத்தியவன், இப்போது தளபதியைப் பற்றி ஒருவன் தரக்குறைவாகப் பேசியதைத் தாங்க முடியாமல் ஒன்பது பத்துத் தடவை அவனைக் குத்தலாமோ என்று நினைத்ததாகச் சொல்கிறான். போதாததற்கு ஜேனஸ் என்ற உரோமத் தெய்வத்தின் மேல் ஆணையிடுகிறான். அந்தத் தெய்வத்துக்கு இரண்டு முகம்.

ஒதெல்லோவோ முதற் காட்சியில் கேள்விப்பட்டவனுக்கு நேர்மாறாக இருக்கிறான். பிரபான்சியோவின் ஆட்கள் வாளுருவிக்கொண்டு வந்தபோது இரு பக்கத்தாரையும் வாளை உறையில் போடும்படி அமைதியாகச் சொல்கிறான். வயதுக்கு மரியாதை கொடுக்கிறான். ஆயுதமில்லாமல் பேசி அடக்கக் கூடியவன். சபையோர் காதால் கேட்டதும் கண்ணால் கண்டதும் ஒத்துவரவில்லை. யாரோ கணக்கைத் திரித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிகிறது.

மூன்றாம் காட்சி வெனிஸ் ஆட்சிமன்றம். பிரபான்சியோ குற்றம் சாட்டுகிறார்: என் மகளை மாய மருந்தால் மயக்கிவிட்டான் என்று. அரசுத் தலைவர் அதை அப்படியே ஏற்கவில்லை. மறு பக்கத்தைக் கேட்கிறார். ஒதெல்லோ தன் கதையைச் சொல்கிறான். போர்கள், ஆபத்துகள், எதிரியிடம் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டது, மீட்கப்பட்டது. இந்தக் கதைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துக் கேட்டவர் இதே பிரபான்சியோதான். பட்ட துன்பங்களைக் கேட்டு டெஸ்டிமோனா மனமிரங்கினாள், அதுதான் காதலாயிற்று. பிறகு அவளையும் அழைத்துக் கேட்கிறார்கள். அவளும் தன் வாயால் சொல்கிறாள். வழக்கு முடிந்தது. இருட்டில் நின்ற குரல் வெளிச்சத்தில் தோற்றுப் போனது.

பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலிருக்க, தங்கள் கதையை அந்நியர் சிலரிடம் நம்பும்படி சொல்ல வேண்டியிருந்த எங்கள் நேயர்கள் பலருக்கு இந்தக் காட்சி வெறும் நாடகமாகத் தெரியாது.

காட்சி முடிவில் இயாகோ முதன்முறையாகத் தனியே நின்று எங்களோடு பேசுகிறான். இப்போது பகைக்கு வேறொரு காரணம் வருகிறது: தன் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சாம். உண்மையோ தெரியாது, உண்மை என்றே வைத்துக்கொண்டு நடக்கப் போகிறானாம். இரண்டாம் அங்கத்தில் கஸ்ஸியோ மீதும் அதே சந்தேகம். டெஸ்டிமோனா மேல் தனக்கும் ஆசை என்று இன்னுமொன்று. ஒரே செலவுக்கு மூன்று தடவை மூன்று விதமான விளக்கம் வந்தால், கணக்காய்வாளர் விளக்கங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார், பற்றுச்சீட்டையே சந்தேகிப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் கோல்ரிட்ஜும், இது காரணமில்லாத கெடுமனம் காரணம் தேடி அலைவது என்ற கருத்தையே எழுதி வைத்தார்.

விசாரணை இல்லாத தீவு

அதன் பின் எல்லாரும் சைப்பிரஸ் போகிறார்கள். அங்கே ஆட்சிமன்றம் இல்லை. மேலதிகாரி ஒதெல்லோவே. டெஸ்டிமோனாவையும் கஸ்ஸியோவையும் சேர்த்து இயாகோ அவன் காதில் ஓதுகிறான். முறை பழையதுதான், இந்தத் தடவை யன்னல் இல்லை, அவ்வளவுதான். ஒதெல்லோ கண்ணால் காணும் சான்று கேட்கிறான். கிடைப்பது ஒரு கைக்குட்டை. அது எப்படிக் கைமாறியது என்று எவரும் தேடிப் பார்க்கவில்லை. 'நேர்மை' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் அதன் வடிவங்களோடு இந்நாடகத்தில் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது. பெரும்பாலும் இயாகோவைப் பற்றியே வருகிறது.

எனக்கு இந்நாடகத்தில் மிகவும் கவலை தரும் இடம் இதுதான். வெனிஸ் மன்றம் ஒதெல்லோவைக் கேட்டது. அவன் சொன்னதை முழுமையாகக் கேட்டது, அவன் கூப்பிட்ட சாட்சியையும் கேட்டது. அதே நீதியை அவன் தன் மனைவிக்குக் கொடுக்கவில்லை. கேள்வி கேட்டான்தான், ஆனால் தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுக் கேட்டான். சாட்சியைக் கூப்பிடுங்கள் என்று அவளும் கேட்டாள். கூப்பிடவில்லை. உண்மையைப் பிறகு வெளியே கொண்டுவந்தவள் இயாகோவின் மனைவி எமீலியா. அதற்காக அவளும் உயிரைக் கொடுத்தாள். ஏன் செய்தாய் என்று கேட்டபோது, முதல் வரியிலிருந்து பேசிக்கொண்டே வந்த இயாகோ, இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

1623 ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில், நாடகம் முடிந்த பிறகு பாத்திரங்களின் பட்டியல் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. இயாகோவின் பெயருக்கு நேரே 'வில்லன்' என்றே போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வாசகருக்குக் கிடைத்தது, ஒதெல்லோவுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கும் எவரும் அப்படி ஒரு பட்டியல் தருவதில்லை.

எங்கள் பேரேட்டில்

எங்கள் சரித்திரத்திலும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் ஒரு சில மணித்தியாலங்கள். காட்டிக்கொடுப்பவர்கள் என்ற பேச்சு முன்னரே உலவியது. எவரையும் பெயர் சொல்லி அழைத்து, உன் மீது இன்ன குற்றம், உன் பதில் என்ன என்று கேட்டு அனுப்பவில்லை. தையற்காரருக்கும் ஆசிரியருக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. எங்களுக்கு நடந்தவற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

பெரிய விடயங்களை விடுங்கள். எங்கள் நேரடி நிகழ்ச்சிக்குச் சில வேளை தொலைபேசி வரும். "அண்ணை, என்ர பேர் வேண்டாம், ஆனா இந்த ஆளைப் பற்றிச் சனத்துக்குத் தெரியோணும்" என்று தொடங்குவார்கள். குறை உண்மையாகவும் இருக்கலாம். இயாகோவின் குறையும் கேட்பதற்கு உண்மை போலத்தான் இருந்தது. நாங்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அழைப்பவர் தன் பெயரை ஒலிபரப்புக்கு வெளியே எங்களுக்குத் தர வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரை நாங்கள் அழைத்துக் கேட்போம். அதன் பிறகுதான் காற்றில் போகும். இதனால் சில நிகழ்ச்சிகள் சுவை குறைந்து போவதுண்டு. சிலர் கோபித்துக்கொண்டு தொலைபேசியை வைத்ததும் உண்டு. அந்த வழக்கத்தை நாங்கள் மாற்றப்போவதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு கலியாணப் பேச்சு, ஒரு கோயில் நிர்வாகம், ஒரு புதுக் குடும்பத்தின் வருகை. அந்த ஆளைக் காணும் முன்பே அவரைப் பற்றிய கதை எங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. அப்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். சொல்பவர் தன் பெயரைச் சொல்லுகிறாரா? பேசப்படுபவரைப் பெயர் சொல்லிப் பேசுகிறாரா, அல்லது இன்ன ஊர், இன்ன சாதி, இன்ன நாட்டுக்காரன் என்று பேசுகிறாரா? மறுபக்கத்தை யாராவது கேட்டார்களா?

உயர் வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த நாடகம் அவர்கள் கையில் இருக்கக்கூடும். முதற் காட்சியை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒதெல்லோவின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மீதிக் கதையை அவர்களே உங்களுக்கு விளக்குவார்கள்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.